நான்காவது பெயாரிங்

அன்பார்ந்த பங்கு மக்களே,

ஆலயத் தோட்டத்திற்குச் செய்வதாகச் சொன்ன வாங்குகள் எங்கே என்று கடந்த சில வாரங்களாகப் பலர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். "இயந்திரம் பழுதாகிவிட்டது" என்று ஒரு வரியில் மறுமொழி சொல்லிக் கடந்துகொண்டிருந்தேன். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. முழு உண்மையை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மரம் அரிந்துகொண்டிருந்த இடத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்க, நம் சகோதரர் ஒருவரை நான் கடிந்து பேசினேன். நான் சொன்னது பிழை. பலர் முன்னிலையில் சொன்ன சொல்லைத் தனியறையில் திருப்பி எடுக்க முடியாது. ஆகையால் இங்கே எழுதுகின்றேன். அவருடைய பெயரை எழுதவில்லை. அன்று நின்றவர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. எழுதுவதற்கு அவரிடம் அனுமதியும் பெற்றிருக்கின்றேன்.

பதிவு சற்று நீளமானது. இயந்திரங்களைப் பற்றியும் நிறைய வரும். பொறுமையோடு வாசியுங்கள்.

ஆலய வளாகத்தின் பின்புறத்தில் நின்ற ஆஷ் மரங்கள் பட்டுப்போனதை நீங்கள் அறிவீர்கள். கிழக்காசியாவிலிருந்து வந்து சேர்ந்த பச்சை நிற வண்டொன்றுதான் அவற்றைக் கொன்றது. 2002ஆம் ஆண்டில் டெற்றொயிட், வின்சர் பகுதிகளில் அதனை முதன்முதலாக இனங்கண்டார்கள். அதன் புழுக்கள் மரப்பட்டைக்குக் கீழே வளைந்து வளைந்து சுரங்கம் குடைந்து செல்லும். வேரிலிருந்து மேலேறும் நீரும் இலையிலிருந்து கீழிறங்கும் உணவும் அந்த வளைவுகளில் அறுந்துபோகும். சில ஆண்டுகளில் மரம் நின்றபடியே காய்ந்துவிடும். காய்ந்த ஆஷ் மரம் சொல்லாமற் கொள்ளாமல் கிளையை முறித்து வீழ்த்தும். பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் என்பதால் சென்ற மாரியில் அவற்றைத் தறிக்க வேண்டியதாயிற்று.

தறித்த குற்றிகளை என்ன செய்வது? ஆஷ் நல்ல மரம். பேஸ்போல் மட்டைகளையும் முற்காலத்து ஹொக்கித் தடிகளையும் அதில்தான் செய்தார்கள். வண்டு இருந்த மரத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனால் நோயும் கூடவே போகும் என்பதால் அதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. எனவே மரம் விழுந்த இடத்திலேயே அதனைப் பலகையாக்குவது எல்லா வகையிலும் பொருத்தமாகத் தோன்றியது. நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், தாம் பழையதாக வாங்கி வைத்திருந்த, இழுத்துச் செல்லக்கூடிய மரம் அரியும் இயந்திரத்தை மனமுவந்து தந்தார். கோடையில் நம் முதியவர்கள் நிழலில் அமர்ந்து பேசுவதற்கு இருபது வாங்குகளும் ஆறு மேசைகளும் செய்வது என்று முடிவெடுத்தோம்.

இயந்திரத்தை நேரில் பாராதவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்லிவிடுகின்றேன். நீண்ட இரும்புத் தண்டவாளம் ஒன்றின் மீது குற்றி அசையாமற் கிடக்கும். பெற்றோல் எஞ்சின் பூட்டிய தலைப்பகுதி அத்தண்டவாளத்தில் நகர்ந்து வரும். அத்தலைக்குள் இரண்டு சில்லுகள். அவற்றைச் சுற்றி நாடாவைப் போல வளைந்தோடும் மெல்லிய வாள். ஒருவர் தலையைத் தள்ளத் தள்ள, வாள் குற்றிக்குள் கிடையாகப் புகுந்து பலகையைச் சீவிக்கொண்டு போகும். ஊரில் பெரிய வாளை மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று இழுத்து நாள் முழுவதும் செய்த வேலையை, இது மிக விரைவாக முடித்துவிடும்.

மெல்லிய வாள் மரத்துக்குள் மேலும் கீழும் அலையாதிருக்க, குற்றிக்கு இருபுறமும் ஒவ்வொரு வழிகாட்டி உருளை உண்டு. இடப்புறத்து உருளை நிலையானது. வலப்புறத்து உருளை, குற்றியின் அகலத்துக்கேற்ப நகர்த்தக்கூடிய கையொன்றில் பூட்டப்பட்டது. ஒவ்வோர் உருளைக்கும் பின்புறத்தில் சற்று உயர்ந்த விளிம்பு இருக்கும். வாளை யாராவது வேகமாக மரத்துக்குள் தள்ளினால், அது பின்னால் நழுவிப் போகாமல் அந்த விளிம்பு தடுத்துக்கொள்ளும். உருளைக்குள்ளே பெயாரிங் இருக்கின்றது. வாள் செக்கனுக்கு ஏறத்தாழ 25 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. உருளையின் விட்டம் 5 சென்ரிமீற்றர். கணக்குப் போட்டால், அந்தச் சிறிய உருளை நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் தடவைகளுக்கும் மேலாகச் சுழல்கின்றது. அவ்வளவையும் தாங்குவது, உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தப் பெயாரிங்தான்.

மே மாதக் கடைசியில் வலப்புறத்துப் பெயாரிங் போய்விட்டது. எஞ்சினை நிறுத்திய பின்பும் கரகரவென்று சத்தம். உருளையைக் கையால் அசைத்தால் ஆடியது. இதில் வியப்பில்லை. இயந்திரம் பழையது, பெயாரிங்கும் பழையது. கழற்றிப் பார்த்தேன். 6203 என்ற இலக்கம் பொறித்திருந்தது. உள்விட்டம் 17 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 40, அகலம் 12. உலகில் எங்கும் கிடைக்கும் சாதாரண அளவு. அடுத்த நாளே புதியது வாங்கி, நானே பூட்டினேன். எல்லோரும் கைதட்டினீர்கள். சாமியாருக்கு இயந்திர வேலையும் தெரியும் என்று யாரோ சொன்னது என் காதில் இனிமையாகவே விழுந்தது.

புதிய பெயாரிங் ஐந்து மணிநேர வேலைக்குள் போய்விட்டது.

மலிவான பெயாரிங் வாங்கியதுதான் பிழை என்று எண்ணினேன். இரண்டாம் முறை விலை கூடியதை வாங்கினேன். பெயாரிங்கின் இலக்கத்துக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் கற்றுக்கொண்டேன். இசட் இசட் என்றிருந்தால் இருபக்கமும் உலோகத் தகட்டு மூடி. இரண்டு ஆர்எஸ் என்றிருந்தால் இருபக்கமும் றப்பர் மூடி. ஈரமும் மரத்தூளும் பறக்கும் இடத்துக்கு றப்பர் மூடியே நல்லது. வாளில் பிசின் ஒட்டாதிருக்க நாம் சொட்டவிடும் தண்ணீர் உள்ளே புகுந்து கிறீஸைக் கழுவிவிட்டது என்று முடிவுகட்டி, றப்பர் மூடி போட்டதைப் பூட்டினேன். பூட்டும்போது முன்னரைவிடக் கூடுதல் கவனமும் எடுத்தேன். அது நான்கு மணிநேரம் உழைத்தது.

அது போன நேரத்தில் தலைப்பகுதியைத் தள்ளிக்கொண்டு நின்றவர்தான் நான் மேலே குறிப்பிட்ட சகோதரர். வன்னியிலிருந்து இங்கு வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. இளமையில் வவுனியாவில் மரக்காலை ஒன்றில் வேலை செய்தவர். இங்கே களஞ்சியமொன்றில் இரவு வேலை. வெள்ளி இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு, சனி காலை உறங்காமல் நேரே ஆலயத்துக்கு வந்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். அன்று காலையில் அவர் என்னருகே வந்து, "சுவாமி, இது வெட்டாத நேரத்திலயும் கீச்சிடுது. ஒருக்கா நிப்பாட்டிப் பாப்பமா?" என்று கேட்டார். வரிசையில் இன்னும் மூன்று குற்றிகள் கிடந்தன. மழை வரும்போல் இருந்தது. "பழைய இயந்திரம் தம்பி, சத்தம் போடத்தான் செய்யும்" என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அரை மணிநேரத்தில் பெயாரிங் இறுகிப் புகைந்தது. நான் கையேட்டை வாசித்தவன். தலையை அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் தள்ளினால் வாள் பின்னே சாய்ந்து, உருளையின் விளிம்பை அழுத்தி, பெயாரிங்கைக் கெடுக்கும் என்று அதில் எழுதியிருந்தது. அது மெய்தான். ஆகவே காரணம் என் கண்முன்னே நின்றது என்று எண்ணினேன். எல்லோரும் கேட்க, "இது வவுனியா மரக்காலை இல்லைத் தம்பி. இங்கே பலம் காட்டி வேலை செய்ய முடியாது, மூளையைப் பாவிக்க வேண்டும்" என்றேன்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. கையுறைகளைக் கழற்றினார். ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் குற்றியின் மேல் வைத்தார். பலகை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குள் தம் மகளைக் கண்களால் தேடினார். அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். இருவரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அதன்பின் சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை. ஞாயிறுகளில் மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள்; அவர் வரவில்லை. இரவு வேலைக் களைப்பாயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வாரங்கள் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

இதற்கிடையில் அடுத்த பெயாரிங்கைப் பூட்டினேன். இம்முறை வேறு எவரையும் தலைப்பகுதியில் கைவைக்க விடவில்லை, நானே தள்ளினேன். நத்தை ஊர்வது போலத் தள்ளினேன். கூர்தீட்டிய வாளைத்தான் பாவித்தேன். தண்ணீரை அளந்து சொட்டவிட்டேன். மூன்று மணிநேரம் நிறையவில்லை. உருளை இறுகி நின்றது. அடுத்த கணமே துப்பாக்கி வெடித்தாற்போன்ற சத்தத்தோடு வாள் அறுந்தது. மூடிக்குள்ளேயே அது சுருண்டு விழுந்தது இறைவனின் இரக்கம். மூடியைச் சரியாகத் தாழிட்டிருந்தோம், எவருக்கும் காயமில்லை. பிள்ளைகளை அன்று தூரத்தில் நிறுத்தியிருந்தோம் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வியர்க்கின்றது.

எல்லோரும் போன பின்பு அந்த இயந்திரத்தின் அருகில் தனியாக இருந்தேன். வேகமாகத் தள்ளியவர் இல்லை. மலிவான பெயாரிங் இல்லை. மொட்டை வாள் இல்லை. நான் குற்றஞ்சாட்டிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அகற்றிவிட்டிருந்தேன். ஆயினும் பெயாரிங் போய்விட்டது. அதுவும் முன்னையவற்றைவிட விரைவாக. எல்லாத் தடவைகளிலும் மாறாமல் இருந்தது என்ன என்று கேட்டுப் பார்த்தேன். பெயாரிங்கைப் பூட்டிய கை மட்டும்தான் மாறவில்லை.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைகளில் நான் அங்கேதான் கிடப்பேன். "பழுதான சாமானை, வண்டி ஓடிக் காட்டும்வரைக்கும் எறியாதை" என்று அடிக்கடி சொல்வார். அந்தப் பழக்கத்தால், போன பெயாரிங்குகள் நான்கையும் பிஸ்கட் தகரமொன்றில் போட்டு வைத்திருந்தேன். அன்றிரவு பழைய செய்தித்தாளை விரித்து, அவற்றை வரிசையாக வைத்தேன். கண்ணாடி அணிந்துகொண்டு, அரைக்கும் இயந்திரத்தால் வெளிவளையங்களை வெட்டிப் பிளந்தேன்.

பெயாரிங்கின் உள்ளே குண்டுகள் ஓடுவதற்கு ஒரு பள்ளம் இருக்கும். குண்டுகள் ஓடிய தடம் அப்பள்ளத்தில் மினுங்கும் கோடாகத் தெரியும். மே மாதத்தில் போன முதலாவது பெயாரிங்கில் அந்தக் கோடு பள்ளத்தின் நடுவே, நேராக இருந்தது. அது தன் காலத்தை ஓடி முடித்துப் போனது. மற்ற மூன்றிலும் கோடு நடுவில் இல்லை. பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரில் ஏறி, அங்கே உலோகம் செதில் செதிலாகக் கழன்றிருந்தது. கிறீஸ் கரிந்து கறுத்துக் கிடந்தது. இவ்வகைப் பெயாரிங் முதன்மையாக மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் யாராவது ஓயாமல் தள்ளினால், கொஞ்ச நேரம் பொறுக்கும், பின்னர் போய்விடும். மூன்று பெயாரிங்குகளையும் ஏதோ ஒன்று ஓயாமல் பக்கவாட்டில் தள்ளியிருக்கின்றது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. போனவை நான்கும் வலப்புறத்து உருளைக்குரியவை. இடப்புறத்தில் இருப்பது இன்னும் பழைய பெயாரிங்தான். ஒரு குறையுமில்லாமல் ஓடுகின்றது. அதே தண்ணீர், அதே மரத்தூள், அதே வாள், தள்ளிய அதே கைகள். ஒரு வேறுபாடு மட்டுமே உண்டு. இடப்புறத்து உருளையை நான் ஒருபோதும் கழற்றியதில்லை.

மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின் இயந்திரத்தின் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, புதிய வாள் ஒன்றைப் பூட்டி முறுக்கினேன். சில்லுகளைக் கையால் சுற்றி, வாள் தன் இடத்தில் நிலைத்த பின் இரண்டு உருளைகளையும் ஒப்பிட்டேன். இடப்புறத்து உருளையின் விளிம்புக்கும் வாளின் முதுகுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. 3 மில்லிமீற்றர் அறுகோணச் சாவியொன்று அதற்குள் சரியாக நுழைந்தது. வலப்புறத்தில் செய்தித்தாளின் ஒரு தாள்கூட நுழையவில்லை. விளிம்பு வாளின் முதுகைத் தொட்டு அழுத்திக்கொண்டிருந்தது. வாளின் முதுகு நெடுகத் தேய்ந்து, நீலம் பாரித்து மினுங்கியது.

நான் செய்தது இதுதான். முதற் பெயாரிங்கை மாற்றியபோது, உருளையின் அச்சைத் துளைக்குள் எவ்வளவு தூரம் செலுத்துவது என்று அளந்து குறித்துக்கொள்ளவில்லை. பாவம் மெல்லிய வாள், அதற்குப் பின்னால் நல்ல பிடிமானம் இருக்கட்டும் என்று நினைத்து, விளிம்பு வாளைத் தொடும்வரை முன்னே தள்ளி, திருகாணியை இறுக்கினேன். மரம் வெட்டும்போது வாள் பின்னே தள்ளப்பட்டால் மாத்திரம் தொட வேண்டிய விளிம்பு, அதனால் எந்நேரமும் வாளோடு உரசிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு அழுத்தம். ஒவ்வொரு பெயாரிங் போனபோதும் பிடிமானம் போதவில்லைப்போலும் என்று இன்னும் கொஞ்சம் நெருக்கினேன். அதனால்தான் ஐந்து மணிநேரம் நான்காகி, நான்கு மூன்றாகிற்று. என் கவனம் கூடக் கூடப் பெயாரிங்கின் ஆயுள் குறைந்தது.

முதலாவது பழுது காலத்தின் பழுது. மற்ற மூன்றும் என் கைப்பழுது.

"வெட்டாத நேரத்திலயும் கீச்சிடுது." அந்தச் சகோதரர் சொன்ன வசனம் அப்போது என் நினைவுக்கு வந்தது. வெட்டும்போது சத்தம் வந்தால் அது தள்ளுபவரின் வேகமாக இருக்கலாம், மொட்டை வாளாக இருக்கலாம், மரத்தின் கணுவாக இருக்கலாம். வெட்டாதபோதும் சத்தம் வந்தால், தொடக்கூடாத ஒன்று தொட்டுக்கொண்டிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். முழு நோயையும் அவர் ஒரே வசனத்தில் எனக்குச் சொல்லியிருந்தார்.

வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது நான் பத்து வயதிலேயே கற்ற பாடம். சைக்கிளின் முன்சில்லில் பக்கத்துக்குப் பத்துக் குண்டுகள், பின்சில்லில் ஒன்பது. கிறீஸ் பூசி அவற்றைப் பரப்பி, கோனைத் திருகி மூட வேண்டும். நான் எப்போதும் பலமாக இறுக்கிவிடுவேன். சித்தப்பா வந்து சில்லைச் சுற்றிப் பார்ப்பார். "குண்டை அரைச்சுப் போடுவாய். இறுக்கினாப்போல கால் சுற்றுத் திருப்பி விடு" என்பார். ஆடவும் கூடாது, அழுந்தவும் கூடாது. விரல் நுனியால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவர் எனக்கு ஒரு முழு விடுமுறை காலம் பழக்கினார். அதற்குப் பின் குருமடத்தில் எத்தனையோ ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் படித்தேன். கால் சுற்றுத் திருப்பிவிடுவது மறந்துபோயிற்று.

அன்று மாலையே ஸ்காபரோவில் அவர்களுடைய தொடர்மாடி வீட்டுக்குப் போனேன். முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் இருக்கமாட்டாரோ என்ற பயம் எனக்கு. நான்காவது பெயாரிங்கைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அவருடைய மனைவி தேநீர் வைத்தார். அவர் எதிரே அமர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. மரியாதை மட்டும் இருந்தது. அது கோபத்தைவிடக் கடினமாயிருந்தது.

பெயாரிங்கை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலால் அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்தார். "இது சாய்ஞ்சு ஓடியிருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் சொன்னனான்தானே, சுவாமி" என்றார்.

"சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. பிழை உங்களுடையதில்லை; என்னுடையது. உங்களை அப்படிப் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"அதுக்கென்ன சுவாமி, விடுங்கோ."

விடுங்கோ என்று சொல்வது நம் ஊர்ப் பண்பு. சொல்லிவிட்டால் விட்டுவிட்டதாக ஆகாது என்பதை நான் அறிவேன். மகளை அழைக்கச் சொன்னேன். பன்னிரண்டு வயதிருக்கும். வந்து கதவோரத்தில் நின்றாள். "பிள்ளை, அன்றைக்கு இயந்திரம் பழுதானதற்கு அப்பா காரணமில்லை. சுவாமிதான் பிழையாகப் பூட்டியிருந்தேன். அப்பா முதலே சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னவர்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்த்தாள். அவர் கண்களைத் தாழ்த்திப் பெயாரிங்கை விரல்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்.

வாசல்வரை வழியனுப்ப வந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு மற்ற ஆக்களும் நிண்டவை, சுவாமி." அந்தச் சொல்லுக்கு மறுமொழியாகத்தான் இந்தப் பதிவை எழுதுகின்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். மகளும் வந்தாள். இடைவெளியை நான் ஏற்கெனவே சரிசெய்து வைத்திருந்தேன். பெருமையோடு அறுகோணச் சாவியை நுழைத்தும் காட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல் நேர்ச்சட்டம் ஒன்று கேட்டார். அதனை உருளை விளிம்பின் முன்முகத்தோடு ஒட்டிப் பிடித்து, அதன் இரு முனைகளிலிருந்தும் வாளின் முதுகுக்கு உள்ள தூரத்தை அளந்தார். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 5 மில்லிமீற்றர் வேறுபாடு. "இன்னும் ஒரு பிழை இருக்கு" என்றார். உருளை சற்றுத் திரும்பி நின்றிருக்கின்றது. அப்படித் திரும்பிய உருளை, சுற்றும்போதெல்லாம் வாளை விளிம்பை நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கும். நான் திருத்திய இடைவெளியை அது மீண்டும் தின்றிருக்கும்; ஐந்தாவது பெயாரிங்கும் போயிருக்கும். இரண்டு திருகாணிகளை மாறி மாறித் தளர்த்தி இறுக்கி, அரை மணிநேரத்தில் அதையும் நேராக்கினார். பின்பு எஞ்சினை இயக்கி, மரம் எதுவும் வைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கீச்சொலி இல்லை.

அன்றிலிருந்து இயந்திரத்தின் மணிக்கணக்கு மானியில் பத்தொன்பது மணிநேரம் கூடியிருக்கின்றது. பெயாரிங் அப்படியே இருக்கின்றது. வேலை முடிந்ததும் அவர் உருளையில் கைவைத்துப் பார்ப்பார். சூடு கை பொறுக்கும் அளவில் இருந்தால் தலையை அசைப்பார்.

உங்களில் சிலர் நாட்டுப்புறத்தில் காணி வாங்கி இத்தகைய இயந்திரங்களும் வைத்திருக்கின்றீர்கள். ஒரே பாகம் மீண்டும் மீண்டும் போனால், புதியதை வாங்க ஓடுவதற்கு முன் போனதைப் பிளந்து பாருங்கள். எந்தப் பக்கம் போகின்றது, எந்தப் பக்கம் போகவில்லை என்று ஒப்பிடுங்கள். கழற்றும் முன் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் இயந்திரத்தில் விளிம்புக்கும் வாளின் முதுகுக்கும் இடைவெளி 3 மில்லிமீற்றர். உருளை வாளைக் கீழே அழுத்தும் அளவு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். உங்கள் இயந்திரத்துக்குரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும். எதைத் தொடுவதாயினும் முதலில் பிளக் வயரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் என்னைப் போலப் பாகத்தை மாற்றிவிட்டு, பிழையை அப்படியே திரும்பவும் பூட்டிவிடாதீர்கள். இயந்திரத்தின் அருகில் நிற்கும் ஒருவர் "சத்தம் வருது" என்று சொன்னால், அவர் யாராயிருந்தாலும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

அன்று அங்கே நின்றிருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் சொல்கின்றேன்: நான் அவரைப் பற்றிச் சொன்னது உண்மையல்ல. அன்று மூளையைப் பாவிக்காதவன் நான்தான். வீட்டுக்குப் போய் அதை யாரிடமாவது சொல்லியிருந்தால், இதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பலகைகள் இப்போது களஞ்சியத்தில் காய்கின்றன. அடுக்குக்கு அடுக்கு சிறு சட்டங்கள் வைத்துக் காற்றோட்டம் விட்டிருக்கின்றோம். தடித்த பலகைகள் நன்றாகக் காய ஒரு வருடமாவது எடுக்கும். ஆகவே வாங்குகள் வரும் கோடைக்குத்தான். இன்னும் ஒன்பது குற்றிகள் அரிவதற்குக் கிடக்கின்றன. வரும் சனி காலை எட்டு மணிக்குத் தொடங்குவோம். கையுறையும் தடித்த சப்பாத்தும் அணிந்து வாருங்கள். தலைப்பகுதியை அவர் தள்ளுவார். நான் பலகை அடுக்கும் பிள்ளைகளோடு நிற்பேன்.

அந்த அறுகோணச் சாவியை அவருடைய மகள் ஒரு சிவப்பு நூலில் கட்டி இயந்திரத்தில் தொங்கவிட்டிருக்கின்றாள். யாரும் கழற்றிக்கொண்டு போகவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை